வரி வாங்காத வீடு

மதுரை விளாங்குடியில் நான் பலகாரப் பட்டறை வைத்திருக்கிறேன். காராச்சேவு, மிக்சர், பண்டிகை வந்தால் அதிரசம். எண்ணெய்ச் சட்டிக்கு எதிர்ச்சுவரில் ஒரு டிவி உண்டு. ஆட்கள் பாட்டு கேட்கட்டும் என்று வாங்கியது. நான் இருந்தால் செய்திதான் ஓடும். பெரிய கம்பெனிகளுக்கு அரசாங்கம் வரியைக் குறைத்துவிட்டது என்பதை அதில்தான் கேட்டேன். கண்ணாடி போட்ட ஒருவர் விளக்கம் சொன்னார். தொழில் நடத்துகிறவன் தலையில் இருக்கிற சுமையை இறக்கினால் அவன் இன்னொரு தொழில் போடுவான், தொழில் வந்தால் வேலை வரும், வேலை வந்தால் சம்பளம் வரும், சம்பளம் வாங்கியவன் கடைக்குப் போவான், கடைசியில் அரசாங்கத்துக்கே வரி கூடுதலாய் வந்து சேரும் என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர், மேலே ஊற்றுவது மேலேயே தேங்கிவிடும், கீழே இறங்காது என்றார். நான் எட்டாவது வரை படித்தவன். இரண்டு பேர் சொன்னதும் சரி மாதிரிதான் பட்டது. மீனாட்சி அம்மனை நினைத்துக்கொண்டு அடுத்த ஈடு சேவைத் தேய்த்தேன். நமக்குச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது.

அதே வழக்கு எங்கள் ஊர்க் கூட்டம் கூடுகிற மந்தைக்கு வந்து, எங்கள் அம்மன் முன்னால் போய் நிற்கும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நின்றது. இந்தக் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் ஊர் திருவாதவூருக்குப் பக்கத்தில். நான் பிறந்ததும் அங்கே, பெண் எடுத்ததும் அங்கேதான். பிழைப்புக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாலும் ஊருக்கு வரி கட்டாமல் ஒரு வருசமும் இருந்ததில்லை. நாங்கள் வரி என்று சொன்னால் அது அம்மன் கோயில் பொங்கலுக்கு வீடு வீடாக வாங்குகிற தலைக்கட்டு வரி. குடும்பம் நடத்துகிற ஒவ்வொரு வீடும் ஒரு தலைக்கட்டு. கண்மாய்க்குக் கீழே நஞ்சை வைத்திருப்பவருக்கும், அந்த நஞ்சையில் கூலிக்கு இறங்குகிறவருக்கும் ஒரே வரிதான். பொங்கல் வைத்த மறுநாள் கிடா வெட்டி, வரி கொடுத்த வீட்டுக்கு ஒன்று என்று கறியைக் கூறு போடுவோம். கூறிலும் பெரிசு சின்னது கிடையாது. ஈரலில் ஒரு துண்டு எல்லாக் கூறிலும் விழ வேண்டும். அடுப்படியில் பழகிய கை என்பதால் கூறு வைக்கிற ஆட்களில் என்னையும் சேர்த்திருந்தார்கள். வாழையிலைகளை வரிசையாக விரித்து, எல்லாம் ஒன்று போல வைத்து முடித்து நிமிர்ந்து பார்த்தால், ஏழை பணக்காரன் எதுவும் தெரியாது. இலை மட்டும் தெரியும். ஆத்தா எங்களை அப்படித்தான் பார்க்கிறாள் போல என்று தோன்றும். வருசா வருசம் அந்த ஒரு நிமிசத்துக்காகவே நான் ஊருக்குப் போவேன்.

என் மனைவியின் தம்பி மதுரையில் நைட்டி தைக்கிற கம்பெனி நடத்திக்கொண்டிருந்தான். டவுனில் இடம் போதவில்லை, வாடகை ஏறிக்கொண்டே போனது. எங்கள் கோயிலுக்குச் சொந்தமான பழைய நெல் கிட்டங்கி ஒன்று மந்தையை ஒட்டி ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. அதை ஐந்து வருசத்துக்கு வாடகை இல்லாமல் கொடுத்தால் கம்பெனியை ஊருக்கே கொண்டுவந்துவிடுகிறேன், ஊர்ப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறேன் என்று கேட்டான். கோயில் இடத்தில் தொழில் செய்தால் அம்மனுக்கு மகமை என்று ஒரு பங்கு கொடுக்க வேண்டும். அதையும் அந்த ஐந்து வருசத்துக்கு விட்டுவிடச் சொன்னான்.

மந்தையில் கூட்டம் போட்டார்கள். கோயில் கமிட்டித் தலைவர் நெல் வியாபாரி, ஒரு கட்சிக்காரர். அவருக்கு எதிரணி உரக்கடைக்காரர், அடுத்த கட்சி. ஒருவர் கிழக்கே என்றால் மற்றவர் மேற்கே என்பார். வசதியாக இருக்கிறவனுக்கே இன்னும் அள்ளிக் கொடுப்பீர்களா, அவன் இலையில் சிந்துவதைத்தான் நாங்கள் பொறுக்க வேண்டுமா என்று உரக்கடைக்காரர் கேட்டார். டிவியில் எதிரே உட்கார்ந்திருந்தவர் சொன்னதேதான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தலைவர் பதறவில்லை.

"அண்ணே, இப்ப அந்தக் கிட்டங்கியில எலிதான குடியிருக்கு. எலி உங்களுக்கு எம்புட்டு மகமை குடுத்துச்சு?"

கூட்டம் சிரித்துவிட்டது. எங்கள் ஊரில் யார் பக்கம் சிரிப்பு விழுகிறதோ அந்தப் பக்கம்தான் முடிவும் விழும். அந்தச் சந்தோசத்தில் தலைவர் எழுந்து, வாடகை கிடையாது, மகமை கிடையாது, எந்த வரியுமே கிடையாது, ஐந்து வருசம் மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு நடக்கட்டும் என்று வெற்றிலை பாக்கை எடுத்து என் மச்சினன் கையில் கொடுத்துவிட்டார். கையில் வெற்றிலை விழுந்துவிட்டால் அது ஊர்ச் சொல். எந்த வரியுமே என்றதை நான் உட்பட யாரும் கவனிக்கவில்லை. அவன் தலைக்கட்டு வரியைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கவே இல்லை. வாரிக் கொடுக்கிற வேகத்தில் அதுவும் சேர்ந்து போய்விட்டது.

கம்பெனி வந்தது. மிசின்கள் லாரியில் வந்து இறங்கிய அன்றைக்கு நான் பட்டறைக்கு லீவு விட்டுவிட்டுப் போனேன். ஒவ்வொரு மிசினுக்கும் சந்தனம் வைத்து, பூசாரி சூடம் காட்டினார். பிறகு சுவிட்சைப் போட்டார்கள். எலி ஓடிக்கொண்டிருந்த அந்த இருட்டுக் கிட்டங்கியில் வெள்ளை லைட் எரிந்து, அத்தனை மிசினும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. அந்தச் சத்தம் எனக்குக் கும்மியடிப்பது மாதிரி இருந்தது. காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்க்கொண்டிருந்த பெண்கள், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிழைப்பு தேடித் திருப்பூருக்குப் போயிருந்த இரண்டு குடும்பம் பாத்திரம் பண்டத்தோடு திரும்பி வந்தது. மந்தையில் டீக்கடை வந்தது. அதுவரை ஊருக்குள் வராத ஷேர் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. ஒருத்தர் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல் இத்தனையையும் கொண்டுவருமா? எனக்கு அது அம்மன் செய்த வேலையாகத்தான் தெரிந்தது. வேறு மாதிரி பார்க்க எனக்குத் தெரியாது.

சரியாகச் சொல்ல வேண்டும் அல்லவா, குறையும் இருந்தது. பொங்கல் செலவு கூடிப்போனது, கம்பெனியிடம் மகமை வாங்கவும் வழியில்லை, அதனால் மற்ற வீடுகளுக்கு வரியைக் கொஞ்சம் ஏற்றினார்கள். முணுமுணுத்தார்கள். முணுமுணுத்த வீட்டிலேயே ஒரு பெண் கம்பெனியில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள், அதனால் சத்தம் பெரிதாகவில்லை.

அந்தப் பொங்கலுக்கு வரி வசூலுக்குப் போனவர்கள் என் மாமியார் வீட்டைக் கடந்து போனார்கள். அந்த வீட்டைக் கிணத்தடி வீடு என்பார்கள். மாமனார் போன பிறகு அத்தை அங்கே தனியாக இருக்கிறார், மகன் குடும்பம் டவுனில். அத்தை வரியை எடுத்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருக்கிறார். உங்களுக்குத்தான் சலுகையாச்சே, உங்ககிட்ட வாங்குனா தலைவர் எங்களைத் திட்டுவாரு என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அத்தையும் மகனை நினைத்துப் பெருமையாகச் சிரித்ததாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

கூறு போட்ட அன்று காலையில் எத்தனை இலை என்று வசூல்காரர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். அத்தனை இலை விரித்தோம். வைத்தோம். எங்கள் வழக்கத்தில் அம்மன் முன்னால் தீபாராதனை காட்டிவிட்டால் பிறகு அந்தக் கூறில் யாரும் கை வைக்கக் கூடாது, எடுக்கவும் கூடாது சேர்க்கவும் கூடாது. பெரியவர் ஒருவர் நின்று வீட்டுப் பேரைக் கூப்பிடுவார். ஓட்டு வீடு, புளியமரத்து வீடு என்று வரிசையாகப் போகும். கூப்பிட்ட வீட்டு ஆள் வந்து ஒரு இலையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். புளியமரத்து வீட்டுக்கு அடுத்தது எப்போதும் கிணத்தடி வீடு. அத்தை தூக்குச்சட்டியோடு ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டார். பெரியவர் கொல்லாசாரி வீட்டைக் கூப்பிட்டார்.

அத்தை, பெரியவருக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைத்து நின்றுகொண்டே இருந்தார். கடைசி வீடும் கூப்பிட்டாகிவிட்டது. தரையில் ஒரு இலைகூட மிச்சமில்லை. மச்சினன் என்னிடம் வந்தான்.

"மச்சான், எங்க வீட்டுக் கூறு எங்க?"

வசூலுக்குப் போனவர்களில் ஒருவர் பதில் சொன்னார், வரி கொடுத்த வீட்டுக்குத்தானே கூறு என்று. அவர் வம்புக்குச் சொல்லவில்லை. வழக்கத்தைச் சொன்னார். பக்கத்தில் ஒருத்தர், "கம்பெனி முதலாளிக்கு ஆட்டுக் கூறு எதுக்கு மாப்ள, நீங்க ஆட்டுப் பண்ணையே வைக்கலாம்ல" என்று சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில்தான் எல்லாருக்கும் உறைத்தது. எனக்கு விவரம் தெரிந்து எங்கள் ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் வரி வாங்காமல் விட்டிருக்கிறார்கள். அது அம்மன் நகையில் கை வைத்த வீடு. வரி வாங்கவில்லை என்றால் கூறு இல்லை, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர் போகாது, சாவுக்கும் போகாது. எங்களிடம் இருப்பதிலேயே பெரிய தண்டனை அதுதான். அதைத்தான் வெற்றிலை பாக்கு வைத்து, கை தட்டி, மச்சினனுக்குச் சலுகையாகக் கொடுத்திருந்தோம்.

பக்கத்து வீட்டார் தங்கள் கூறிலிருந்து பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அத்தை வாங்கவில்லை. தூக்குச்சட்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அதில் எதுவும் படவில்லை, ஆனாலும் கழுவிக் கவிழ்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, நாளைக்கு நான் செத்தா இந்த ஊருல யாரு வந்து தூக்குவா? நைட்டி வந்து தூக்குமா?"

மச்சினன் அப்போதே வரியைக் கட்டிவிடுகிறேன் என்று தலைவர் வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன். சின்ன விசயம், வாங்கிக்கொண்டால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அங்கே போனால் அது அரசியலாகி உட்கார்ந்திருந்தது. எங்களுக்கு முந்தியே உரக்கடைக்காரர் ஆளோடு வந்திருந்தார். வரி கட்ட வசதி இருக்கிறதென்றால் வாடகையும் கட்டட்டும், மகமையும் கட்டட்டும், சலுகை இன்றோடு ரத்து என்று எழுந்து நின்றார். தலைவர் அதைக் கேட்டுவிட்டு வரியை வாங்க மறுத்துவிட்டார். ஒன்றை வாங்கினால் எல்லாவற்றையும் வாங்கச் சொல்வார்கள், நான் கொடுத்த சலுகை தோற்றுப்போனது என்று அடுத்த தேர்தல் வரைக்கும் பேசுவார்கள் என்பது அவர் கவலை. ஊர்ச் சொல்லை ஊரே மாற்ற முடியாது தம்பி, அஞ்சு வருசம் பொறுத்துக்கோ என்று மச்சினனிடம் சொன்னார். ஒருவருக்குச் சலுகை ஜெயிக்க வேண்டும், ஒருவருக்குச் சலுகை தோற்க வேண்டும். அத்தைக்கு வேண்டியது ஊரில் ஒரு தலைக்கட்டாக இருப்பது. அது இரண்டு பேர் கணக்கிலும் வரவில்லை.

ஐந்து வருசம் அத்தைக்கு இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து அத்தை கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். உள்ளே வாங்க என்று பூசாரி கூப்பிட்டும் போகவில்லை. மச்சினன் பொறுத்துப் பார்த்துவிட்டு, மிசினை ஏற்றிக்கொண்டு போறேன் மச்சான், இந்தச் சலுகையே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அது தெரிந்ததும் கம்பெனிப் பெண்கள் அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் அத்தையிடம் எதுவும் கேட்கவில்லை, நின்றார்கள். அத்தையும் அவர்களை ஒரு சொல் சொல்லவில்லை.

பூப்போட்டுப் பார்ப்போம் என்று நான்தான் கமிட்டியில் சொன்னேன். மனுசருக்கு முடிவு தெரியாதபோது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், செவ்வரளியை ஒரு பொட்டலம் இலையில் கட்டி அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. தலைவரும் உரக்கடைக்காரரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். அம்மன் சொல்லிவிட்டால் யாரும் யாரிடமும் தோற்றதாகாது. வெள்ளை வந்தால் கிணத்தடி வீட்டில் வரியை வாங்குவது, அதோடு சலுகையும் ரத்து. செவ்வரளி வந்தால் ஊர்ச் சொல் நிற்கட்டும், சலுகை இருக்கிறபடியே இருக்கட்டும் என்று பேசி முடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரே கோயிலில் இருந்தது. கம்பெனியில் மிசினை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றதும்தான் எம்புட்டுப் பெரிய சத்தத்துக்குள் இருந்திருக்கிறோம் என்று தெரிந்தது. பொட்டலம் கட்டுவதிலும் சண்டை. இவர் கட்டினால் அடையாளம் வைப்பார் என்று அவர், அவர் கட்டினால் வைப்பார் என்று இவர். கடைசியில் பூசாரி திரைக்குள் போய்க் கட்டி, கலந்து போட்டார். காஜா எடுக்கிற பெண்ணுடைய குழந்தை, நடை பழகி முடித்த பெண்பிள்ளை, அதை இறக்கி விட்டோம். அத்தை படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர் அம்மனைப் பார்க்கவில்லை, அந்தக் குழந்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை குனிந்தது. ஒரு பொட்டலத்தை எடுத்தது. பூசாரி கை நீட்டினார். கொடுக்கவில்லை. மறுபடி குனிந்து, இன்னொரு கையால் மற்றதையும் எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தது.

இப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை. மறுபடி போட வேண்டுமா என்று தலைவர் மெதுவாகக் கேட்டார். பூசாரி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் கண்ணில் தண்ணீர்.

"எதுக்கு மறுபடி போடணும்? ஆத்தா ரெண்டையும் குடுத்துருச்சுல்ல."

இத்தனை நாளாக இதுவா அதுவா என்று நாங்கள் இழுத்துக்கொண்டு கிடந்தோம். கம்பெனிக்குக் கொடுத்ததை வைத்துக்கொண்டே வீட்டில் வரியை வாங்கலாம் என்பது எங்கள் யார் வாயிலும் வரவில்லை. வந்திருந்தாலும் யார் யாருக்கு விட்டுக்கொடுத்திருப்பார்கள்? பிள்ளைதானே, கையில் கிடைத்ததை எல்லாம் எடுக்கத்தான் செய்யும் என்று பிறகு டவுனில் ஒரு சிநேகிதர் சொன்னார். இருக்கட்டும். அன்றைக்கு அந்த இடத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்த அரசியலையும் சொல்லிவிடுகிறேன். சலுகை ஜெயித்தது என்று தலைவர் ஊரெல்லாம் சொன்னார். சலுகைக்காரனையே வரி கட்ட வைத்தேன் என்று உரக்கடைக்காரர் சொன்னார். அடுத்த தடவை உரக்கடைக்காரரே கமிட்டித் தலைவர் ஆனார். ஆனதும் அவர் செய்த முதல் வேலை, ஊற்று மேட்டில் தென்னை நார் மில் போட வந்த ஒருவருக்குச் சலுகை கொடுத்ததுதான். ஏன் அண்ணே, அன்றைக்கு எதிர்த்தீர்களே என்று கேட்டதற்கு, அது வேற இது வேற என்றார். இப்போது ஐந்து வருசமும் முடிந்துவிட்டது. மகமையைக் கேட்கட்டுமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. பக்கத்து ஊரில் எங்கேயோ இடம் சும்மா தருகிறார்களாமே என்று மச்சினன் போகிற போக்கில் சொன்னான். இன்னும் கொஞ்ச காலம் போகட்டும் என்று இரண்டு கட்சியும் ஒன்றாகக் கை தூக்கியது. அந்த இருவர் ஒரே பக்கம் கை தூக்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். பொங்கலுக்கு மற்ற வீடுகளின் வரி ஏறினது ஏறினதுதான், இறங்கவில்லை. கம்பெனியில் மிசினும் நிற்கவில்லை. டிவியில் பேசிய இரண்டு பேரில் யார் சொன்னது சரி என்று என்னைக் கேட்டால் எனக்கு இப்போதும் தெரியாது. எங்கள் ஊரில் இரண்டும் நடந்தது. ஒன்று மட்டும் தெரியும். இனி எங்கள் கமிட்டி யாருக்குச் சலுகை கொடுத்தாலும், வெற்றிலையைக் கையில் வைக்கும் முன்னால் தலைக்கட்டு வரி நீங்கலாக என்று பூசாரி சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று வழக்கமாகிவிட்டது.

பூப்போட்டதற்கு அடுத்த பொங்கலைச் சொல்லி முடிக்கிறேன். வசூலுக்கு வந்தவர்கள் முதல் வீடாகக் கிணத்தடி வீட்டுக்குப் போனார்கள். அத்தை முகம் கழுவி, விளக்கேற்றிவிட்டு வந்து, தட்டில் வைத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் நாங்கள் இலை விரித்தபோது, வைத்தபோது, தீபாராதனை காட்டியபோது எல்லாம் அவர் முன்வரிசையில் தூக்குச்சட்டியோடு நின்றார். பெரியவர் கூப்பிட ஆரம்பித்தார். ஓட்டு வீடு. புளியமரத்து வீடு.

"கிணத்தடி வீடு."

அத்தை அசையவில்லை. காது கேட்கவில்லையோ என்று என் மனைவி அவர் தோளைத் தொடப் போனாள். நான் தடுத்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்தால் கேட்காத முகமாகத் தெரியவில்லை. பெரியவரும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை கூப்பிட்டார்.

அப்புறம்தான் அத்தை முன்னால் வந்து இலையை எடுத்தார்.